சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851 – 1930): இராணுவச் சட்டத்தின் கீழ் குடிமக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்



க.பொ.த. சாதாரண தரத்தில் வரலாறு, குடியியற் கல்வி ஆகிய இரண்டு பாடங்களுக்கும் உதவக்கூடிய ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பகுதியில் கற்கவுள்ளீர்கள். பொன்னம்பலம் இராமநாதன் என்றவுடன் மருதனார்மடத்திலுள்ள பெண்கள் கல்லூரியும் கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயிலும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றை எழுதினால் உங்களுக்குப் புள்ளி கிடைக்கும். எனினும் 1915ஆம் ஆண்டில் அவர் செய்த பணியை விளங்கிக்கொள்ளாமல் அவரை முழுமையாக அறிந்துவிட்டதாகக் கூற முடியாது. எனவே அந்த ஓர் ஆண்டுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்துள்ளோம்.

1. பிறப்பும் கல்வியும்

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆந் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். இளைய சகோதரர் பொன்னம்பலம் அருணாசலம். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி அக்காலத்தில் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். ஆகவே அரசியலும் சட்டமும் இராமநாதனுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கமான விடயங்களாக இருந்தன.

கொழும்பு அக்கடமியிலும் (இதுவே பின்னர் றோயல் கல்லூரி ஆயிற்று) சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்ற அவர், சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1879ஆம் ஆண்டு மாமனார் காலமானதைத் தொடர்ந்து சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்று, 1892 வரை அப்பதவியில் இருந்தார். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றினார். அரசாங்கத்தின் சார்பில் வழக்குகளை நடத்துவது அப்பதவியின் பொறுப்பாகும். அரச அதிகாரிகள் சட்டத்தை எவ்வாறு பயன்படுத்துவர், அதன் எல்லை எங்கே முடிகிறது என்பவற்றை அவர் அப்பதவியிலிருந்தே நன்கறிந்தார். பின்னர் அதே அரசாங்கத்தைக் கேள்வி கேட்க நேர்ந்தபோது இந்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது.

2. படித்த இலங்கையரின் பிரதிநிதி

குறூ – மக்கலம் சீர்திருத்தத்தின்படி சட்டநிரூபண சபையில் 21 உறுப்பினர்கள் இடம்பெற்றனர். அவர்களுள் 11 பேர் உத்தியோகப்பற்றுள்ளவர்கள். 10 பேர் உத்தியோகப்பற்றற்றவர்கள். இந்தப் பத்துப் பேரில் வாக்களிப்பின் மூலம் தெரிவானவர்கள் நால்வர் மட்டுமே. அந்நான்கு ஆசனங்களுள் ஒன்று படித்த இலங்கையருக்கு உரியது. முழு நாட்டிலும் அதற்கு வாக்களிக்கும் தகுதி பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3,000 பேரே. 1911ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தலில் இராமநாதன், டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்து வெற்றி பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆசனம் தமிழருக்கென ஒதுக்கப்பட்டதன்று. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாக்களித்து அவரைத் தெரிவு செய்தனர். ஆகவே 1915இல் அவர் சபையில் எழுந்து பேசியபோது, முழு நாட்டினதும் பிரதிநிதி என்ற தகுதி அவருக்கு இருந்தது.

3. 1915ஆம் ஆண்டுக் கலவரம்

1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியில் பௌத்த ஊர்வலம் ஒன்று பள்ளிவாசலைக் கடந்து செல்வது தொடர்பாகச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. இதற்கு முன்னரே கம்பளையில் இதையொத்த ஊர்வலப் பிரச்சினை ஒன்று நீதிமன்றம் வரை சென்றிருந்தது. கண்டியில் தொடங்கிய வன்செயல் சில நாட்களுக்குள் மத்திய, மேல், வடமேல், தென், சப்பிரகமுவ மாகாணங்களுக்குப் பரவியது.

இதனால் பெரும் இழப்புக்கு உள்ளானோர் முஸ்லிம் மக்கள். அரசாங்கக் கணக்கின்படி 4,000க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. உயிர்களும் பறிபோயின. இந்தக் குற்றங்களைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்டனை யாருக்கு, எந்த முறையில் வழங்கப்பட்டது என்பதே அடுத்து எழுந்த பிரச்சினையாகும்.

4. இராணுவச் சட்டம் கிராமங்களில் செய்தது என்ன?

அது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்து சரியாக 100 ஆண்டுகள் நிறைவடைந்த ஆண்டும் அதுவே. கலவரத்தை, மக்கள் சிலர் செய்த வன்செயலாகக் காணாமல், பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான சதியாகவே அதிகாரிகள் கண்டனர். தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் 1915 யூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலவரம் சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் 30ஆந் திகதி வரை, ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்தது.

இக்காலத்தில் நடந்தவற்றை நான்காகப் பிரித்து மனதில் இருத்துங்கள்.

(அ) சுட்டுக் கொல்லுதல்: பஞ்சாப் படையினருடன், ஐரோப்பியத் தோட்டத்துரைமார் பலரும் ஆயுதம் ஏந்தித் தொண்டர்களாக ஊர்களுக்குள் அனுப்பப்பட்டனர். விசாரணை எதுவுமின்றிக் கிராமவாசிகள் சிலர் சுடப்பட்டனர்.

(ஆ) இராணுவ நீதிமன்றம்: சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருந்தபோதும் பலர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். அங்கே நீதிபதிகளாக இருந்தவர்கள் படை அதிகாரிகள். யூரிமார் இல்லை, மேன்முறையீடும் இல்லை. 26 வயதான ஹென்றி பெட்றிஸ் என்ற இளைஞர் 1915 யூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலவின் சகோதரரான எட்மண்ட் ஹேவாவிதாரண ஆயுட்சிறைத் தண்டனை பெற்று, அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று இறந்தார்.

(இ) விசாரணையின்றித் தடுத்து வைத்தல்: மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் மீது அரசாங்கம் சந்தேகம் கொண்டது. டி.எஸ். சேனநாயக்க, எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் சிறையில் அடைக்கப்பட்டனர். இவர்களுள் டி.எஸ். சேனநாயக்க பின்னாளில் சுதந்திர இலங்கையின் முதலாவது பிரதமரானார்.

(ஈ) கூட்டுத் தண்டனை: விசேட ஆணையாளர்கள் ஊர் ஊராகச் சென்று, அப்பகுதியிலுள்ள சிங்கள மக்கள் யாவரிடமும் நட்டஈடு அறவிட்டனர். கலவரத்தில் பங்குகொண்டவரா இல்லையா என்று பார்க்கப்படவில்லை. ஆயுதந் தாங்கியோர் சூழ்ந்து நிற்க, ஏழைக் கமக்காரரும் பணம் தருவதாகக் கையெழுத்திட வேண்டியதாயிற்று.

கூட்டுத் தண்டனை ஏன் தவறானது? உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவன் யன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான். உடைத்தவனைத் தேடாமல் நாற்பது பேரிடமும் தண்டப்பணம் வாங்கினால் என்ன நடக்கும்? அன்று பாடசாலைக்கே வராத பிள்ளையும் பணம் கட்ட வேண்டும். உடைத்தவனோ நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்துத் தப்பிவிடுவான். குற்றவாளி தப்புவதும் குற்றமற்றவர் தண்டிக்கப்படுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். 1915இல் ஊர்களுக்கு நடந்ததும் இதுவே.

5. சபையில் ஒலித்த குரல்

இத்தகைய சூழ்நிலையில் யார் பேசுவது? தலைவர்கள் சிறையில் இருந்தனர். பத்திரிகைகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. சிங்கள பௌத்தயா என்ற பத்திரிகை தடை செய்யப்பட்டது. கிராமத்திலிருந்த கமக்காரர் தமக்கு நடந்ததை எழுதினாலும் அதை அச்சிடுவார் இல்லை. கொழும்பில் நடந்தது ஓரளவு வெளியே தெரிந்தது. உட்கிராமங்களில் நடந்தது அந்த ஊர்களுக்குள்ளேயே அடங்கிப்போயிற்று.

பேசுவதற்கு மீதியாக இருந்த ஓர் இடம் சட்டநிரூபண சபை. அங்கே உறுப்பினர் ஆற்றும் உரை பதிவாகும், அச்சாகும், இலண்டன் வரை செல்லும். இராமநாதன் அந்த இடத்தைப் பயன்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 64. கலவரம் வடமாகாணத்தைத் தொடவில்லை. தண்டனைக்கு உள்ளானோர் அவருடைய இனத்தவரும் அல்லர். அவருடைய சமயத்தவரும் அல்லர். மௌனமாக இருந்திருந்தால் அவருக்கு எந்த இழப்பும் நேர்ந்திராது. பேசினாலோ, அரசாங்கத்துக்கு எதிரானவர் என்ற பழி வந்து சேரக்கூடும்.

அவர் தமது உரைகளில் முன்வைத்த வாதங்களின் சாரம் வருமாறு:

• சாதாரண நீதிமன்றங்கள் இயங்க முடியாத நிலையில் மட்டுமே இராணுவச் சட்டத்தை நியாயப்படுத்தலாம். நீதிமன்றங்கள் திறந்திருக்க, கலவரமும் அடங்கியிருக்க, அதனை நீடிப்பதற்குக் காரணமில்லை.

• அது அரசாங்கத்துக்கு எதிரான கிளர்ச்சியன்று. ஆகவே மக்களை அரசின் பகைவர்களாக நடத்தக் கூடாது.

• குற்றஞ் செய்தவரைத் தனித்தனியே கண்டறிந்து விசாரிக்க வேண்டும். ஊர் முழுவதையும் தண்டிப்பது நீதியாகாது.

• கொலைகள் பற்றியும் அதிகாரிகளின் செயல்கள் பற்றியும் சுதந்திரமான விசாரணை தேவை.

கடைசி வாதம் மிகவும் முக்கியமானது. இராணுவச் சட்ட காலத்தில் கடமையாற்றிய அதிகாரிகள் மீது பின்னர் வழக்குத் தொடரமுடியாதவாறு, இழப்பெதிர்காப்புக் கட்டளை ஒன்று 1915 ஓகஸ்டில் பிரித்தானிய அரசினால் பிறப்பிக்கப்பட்டது. அதாவது, நல்லெண்ணத்துடன் கடமையைச் செய்தார் என ஏற்றுக்கொள்ளப்பட்டால் சுட்டவரிடம் நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. நீதிமன்றக் கதவு மூடப்பட்ட பின்னர், இறந்தவரின் குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது உண்மையை அறியும் உரிமை மட்டுமே. அதனாலேயே விசாரணை வேண்டும் என்று இராமநாதன் வற்புறுத்தினார்.

6. இலண்டன் வரை சென்ற முறைப்பாடு

தேசாதிபதிக்கு மேலே இருந்தது இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு அலுவலகம். போர்க்காலமாதலால் கடற்பயணம் ஆபத்து நிறைந்தது. அவ்வாறிருந்தும் இராமநாதன் இங்கிலாந்து சென்று இலங்கை மக்களின் முறையீட்டை அங்கே எடுத்துரைத்தார். தமது உரைகளையும் சான்றுகளையும் தொகுத்து, 1915ஆம் ஆண்டுக் கலவரமும் இராணுவச் சட்டமும் பற்றிய ஆங்கில நூலொன்றை 1916இல் இலண்டனில் வெளியிட்டார். ஈ.டபிள்யூ. பெரேரா, டி.பி. ஜயதிலக்க ஆகியோரும் இலண்டனில் இதே நோக்கத்துக்காக உழைத்தனர். பத்திரிகை ஆசிரியரான ஆமண்ட் டி சூசாவும் இராணுவச் சட்ட காலத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எனவே இது ஒருவரின் தனி முயற்சி மட்டுமன்று என்பதையும் விடையில் குறிப்பிடுங்கள்.

விளைவு என்ன? தேசாதிபதி சாமர்ஸ் 1915 இறுதியில் பதவியிலிருந்து நீங்கினார். 1916இல் வந்த தேசாதிபதி சேர் ஜோன் அன்டர்சன் சில கொலைகள் குறித்து விசாரணை செய்வித்தார். அவை நியாயப்படுத்த முடியாதவை எனத் தெரியவந்தது. ஆனால் தலைவர்கள் கேட்ட மன்னர் ஆணைக்குழு கிடைக்கவில்லை. சுட்டவர்களுக்குத் தண்டனையும் கிடைக்கவில்லை. பாதி வெற்றி என்றே இதனைக் கொள்ளலாம்.

இராமநாதன் நாடு திரும்பியபோது கொழும்பில் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. அவர் ஏறியிருந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே வண்டியை இழுத்துச் சென்றனர் என்பது வரலாறு. 1917இல் படித்த இலங்கையர் ஆசனத்துக்கு அவர் மீண்டும் தெரிவானார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதன் முதற் தலைவரானவர் அவருடைய தம்பி அருணாசலம். இலங்கையர் தமது ஆட்சியில் தாமே பங்குகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற 1915ஆம் ஆண்டு அனுபவம் ஒரு முக்கிய காரணமாகும்.

7. ஏனைய பணிகள்

1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கான இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை ஆரம்பித்தார். அவ்விடத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டது. தந்தையார் கட்டிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லில் புதுப்பித்தார். 1921இல் சேர் பட்டம் பெற்றார். 1924இலிருந்து வடமாகாணப் பிரதிநிதியாகச் சபையில் இருந்து, 1930 நவம்பர் 26ஆந் திகதி காலமானார்.

8. அவர்மீதான விமர்சனங்கள்

ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது நிறைகளை மட்டும் எழுதுவது சரியான வரலாறு ஆகாது. இராமநாதன் மீது இரண்டு விமர்சனங்கள் உள்ளன.

முதலாவது, கலவரத்தில் வீடும் கடையும் இழந்த முஸ்லிம் மக்களின் துயரத்துக்கு அவரது உரைகளில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது. முஸ்லிம் மக்கள் இதனால் மனம் வருந்தினர். சந்தேக நபரின் உரிமையைக் காப்பதும் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டும் சேர்ந்தே செல்ல வேண்டியவை.

இரண்டாவது, டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அவர் அதனை எதிர்த்தார் என்பது. கல்வியும் சொத்தும் இல்லாத மக்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்குவதை அவர் ஏற்கவில்லை. கிராமத்து மக்கள் துப்பாக்கிக்கு அஞ்சி வாழ்ந்தபோது அவர்களுக்காகப் பேசியவர், அதே மக்கள் வாக்குச்சீட்டின் மூலம் தாமே பேசுவதை விரும்பவில்லை. அவர் இறந்த மறு ஆண்டே, 1931இல், அந்த வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. உங்கள் பாட்டனும் பாட்டியும் வாக்களித்தது அதனாலேயே.

9. இதனை நாம் ஏன் கற்க வேண்டும்?

1915இல் இலங்கையருக்கு அடிப்படை உரிமைகள் எழுத்தில் இருக்கவில்லை. இன்று இருக்கின்றன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. 13ஆம் உறுப்புரை எதேச்சையாகக் கைதுசெய்வதையும் தண்டிப்பதையும் தடுக்கிறது. 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் தருகிறது. உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது.

எழுத்தில் உரிமை இருந்தால் போதுமா? 15ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக இவ்வுரிமைகளுட் பலவற்றை மட்டுப்படுத்த இடமளிக்கிறது. அவசரகாலச் சட்டம், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகியவற்றின் கீழ் எத்தனை பேர் விசாரணையின்றி நீண்டகாலம் தடுத்து வைக்கப்பட்டனர் என்பதை வன்னியில் உள்ள எந்தக் குடும்பமும் சொல்லும். கொழும்பிலிருந்து ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் அந்த ஊரின் குரலும் செல்ல வேண்டியுள்ளது. ஒரு வழக்கறிஞரைக் காண்பதற்கும், உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதற்கும், ஒரு மாதக் காலக்கெடுவுக்குள் மனுத் தயாரிப்பதற்கும் முள்ளிவாய்க்காலில் உள்ள ஒரு கடற்றொழிலாளி எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் குரல் எழாமல் இல்லை. 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் அமர்ந்து, தம் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்கினர். அவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். சபையில் ஆசனம் இல்லாதவர்கள். கொல்லப்பட்ட கிராமவாசிகளுக்காக 1916இல் இலண்டன் வரை கொண்டு செல்லப்பட்ட கோரிக்கையும் இவர்களுடைய கோரிக்கையும் ஒன்றே: உண்மை தெரிய வேண்டும், விசாரணை வேண்டும். அமைதியாக ஒன்றுகூடிக் கேட்பது அவர்களுக்கு அரசியலமைப்பு வழங்கிய உரிமை.

இராமநாதனின் வாழ்விலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான். தன் இனத்தவருக்கு நேர்ந்த அநீதியைப் பற்றிப் பேசுவது இயல்பு. அடுத்த இனத்தவருக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசும்போதுதான் உரிமை எல்லோருக்கும் பொதுவானதாகிறது. 1915இல் ஒரு தமிழர் சிங்களக் கிராமவாசிகளுக்காகப் பேசினார். அதே கடமை எல்லா இனத்தவருக்கும் எல்லாக் காலத்திலும் உண்டு, நமக்கும் உண்டு.

நினைவிற் கொள்க

• 1851 – பிறப்பு
• 1879 – சட்டநிரூபண சபைப் பிரவேசம்
• 1892 – 1906 – சொலிசிற்றர் ஜெனரல்
• 1911 – படித்த இலங்கையர் ஆசனத்தில் வெற்றி
• 1915 யூன் 2 – இராணுவச் சட்டப் பிரகடனம்
• 1915 ஓகஸ்ட் 30 – இராணுவச் சட்டம் முடிவு
• 1916 – இலண்டனில் நூல் வெளியீடு
• 1921 – சேர் பட்டம்
• 1930 – மறைவு

(குறிப்பு: 1915இல் அவர் சேர் பட்டம் பெற்றிருக்கவில்லை. அவ்வாண்டு நிகழ்வுகளை எழுதும்போது கவனம்.)

பயிற்சி வினாக்கள்

1. 1911ஆம் ஆண்டுச் சட்டநிரூபண சபையில் தேர்தல் மூலம் தெரிவான உறுப்பினர் எத்தனை பேர்?
2. இராணுவ நீதிமன்றத்துக்கும் சாதாரண நீதிமன்றத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
3. கூட்டுத் தண்டனை என்பதனை 1915ஆம் ஆண்டு உதாரணத்துடன் விளக்குக.
4. இராணுவச் சட்டத்துக்கு எதிராக இராமநாதன் முன்வைத்த வாதங்கள் மூன்றினைக் குறிப்பிட்டு, அவை இன்றைய அரசியலமைப்பின் எந்த உறுப்புரைகளுடன் தொடர்புபடுகின்றன எனக் காட்டுக.
5. இராமநாதனின் பணியை நிறை, குறை இரண்டையும் எடுத்துக்காட்டி மதிப்பிடுக.

ஐந்தாவது வினாவுக்கு விடை எழுதும்போது அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதாதீர்கள். இகழ்ந்து மட்டும் எழுதாதீர்கள். நடந்ததைச் சொல்லி, காரணத்தைக் காட்டி, பின்னர் உங்கள் முடிவை எழுதுங்கள்.